ஃபுல் சார்ஜ் போட்டும் இ-சைக்கிள் திணறுதா? பேட்டரியை மாத்தும் முன் இதைப் பாருங்க!

தஞ்சாவூர் - திருவையாறு சாலை சமதளம். ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலங்கள்தான். அங்கே இ-சைக்கிள் திணறினால் உடனே பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம்.

முதலில் என்ன பார்க்கணும்?
டயரில் காற்று, பிரேக் உரசல், மழையில் துரு ஏறிய கனெக்டர்.

அடுத்து?
மல்டிமீட்டர். 36 வோல்ட் லித்தியம் அயன் பேட்டரி ஃபுல் சார்ஜில் சுமார் 42 வோல்ட் காட்டணும். குறைந்தால் சார்ஜரையும் சோதிக்கவும்.

42 காட்டியும் திணறினால்?
பாலம் ஏறும்போது டிஸ்பிளேயில் வோல்டேஜ் சட்டென இறங்கி, சமதளத்தில் மீண்டும் ஏறினால் செல்கள் பலவீனம். பெரும்பாலும் 10 செல் அடுக்குகள் வரிசையாக இருக்கும். ஒன்று சோர்ந்தாலும் பாதுகாப்பு சர்க்யூட் மின்சாரத்தைத் துண்டிக்கும்.

கவனம்: பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீங்க, நீங்களே பிரிக்காதீங்க. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.