செருப்படையின் பெயரில் ஓர் ஆளுநர்

நெல் அறுத்த வயலிலும் நீர் வற்றிய ஏரியிலும் தரையோடு தரையாகப் படரும் செருப்படையைச் சித்த மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். தடித்துச் சுருங்கிய இலை. அதன் இடுக்கில் தேடினால்தான் கண்ணில் படும் வெள்ளைப் பூ. தாவரவியலில் அதன் பெயர் கோல்டெனியா புரோகும்பென்ஸ். அந்தப் பெயருக்குரிய காட்வாலடர் கோல்டன், நியூயார்க்கை ஆண்டபோது மக்கள் கொடும்பாவி கட்டிக் கொளுத்திய மனிதர்.

எடின்பரோவில் படித்த கோல்டன் 1710இல் அமெரிக்காவுக்கு வந்து மருத்துவம் பார்த்தார். பிறகு நியூயார்க்கின் தலைமை நில அளவையாளர் ஆனார். ஹட்சன் ஆற்றுப் பகுதியிலிருந்த தன் பண்ணையில், சுவீடன் அறிஞர் லின்னேயஸின் புது முறைப்படி செடிகளை வகைப்படுத்தினார்.

முறை எளியது. பூவுக்குள் எத்தனை மகரந்தத்தாள்கள் என்று எண்ண வேண்டும். செருப்படைக்கு நான்கு, ஆகவே அது நான்காம் வகுப்பு. அடுத்து சூல்தண்டுகளை எண்ணினால் உட்பிரிவு தெரிந்துவிடும். மொத்தம் 24 வகுப்புகள். முதல் பத்துக்கு இந்தக் கணக்கே போதும். கண்ணும் பொறுமையும் உள்ள யாரும் செய்யலாம். கோல்டன் அனுப்பிய பட்டியலை லின்னேயஸ் 1749இல் வெளியிட்டார். செருப்படையின் பேரினத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்.

1761இல் கோல்டன் துணை ஆளுநர். ஆளுநர் இல்லாத காலங்களில் ஆட்சி அவர் கையில். 1765இல் லண்டன் நாடாளுமன்றம் செய்தித்தாள், நீதிமன்றப் பத்திரம், சீட்டுக்கட்டு என எல்லாவற்றுக்கும் முத்திரை வரி போட்டது. முத்திரைத் தாள்களைக் கோல்டன் ஜார்ஜ் கோட்டைக்குள் பத்திரப்படுத்தினார். வரி அமலுக்கு வந்த நவம்பர் 1 அன்று இரவு கூட்டம் கோட்டை வாசலுக்கே வந்தது. அவருடைய குதிரை வண்டியை இழுத்துப் போய், கொடும்பாவியோடு சேர்த்து எரித்தது. அவருக்கு அப்போது 77 வயது. சில நாளில் தாள்களை நகராட்சியிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு வரியே ரத்தானது.

பூவைத் தானே எண்ணிப் பார்த்துத் தீர்மானித்தவர், லண்டன் போட்ட சட்டத்தை மக்கள் எடைபோட்டுப் பார்த்ததைக் கலகமாகவே கண்டார். அமெரிக்கா விடுதலை அறிவித்த 1776இல், செப்டம்பர் மாதம் இறந்தார்.

ஆனால் வீட்டுக்குள் அவர் வளர்த்தது வேறு பழக்கம். லத்தீன் தெரியாத மகள் ஜேனுக்காக லின்னேயஸின் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். ஜேன் முந்நூறுக்கும் மேற்பட்ட செடிகளை விவரித்தார். இலைகளில் அச்சு மை தடவித் தாளில் பதித்தார். பொன்னிற வேர் கொண்ட ஒரு சிறு செடியைப் புதிய பேரினம் என்றார். அதற்கு அவர் பெயரையே வைக்கலாம் என்று 1758இல் லண்டனிலிருந்து லின்னேயஸுக்குக் கடிதம் போனது. லின்னேயஸ் இசையவில்லை, ஏற்கெனவே தெரிந்த ஹெல்லிபோரஸ்தான் அது என்று இருந்துவிட்டார். ஜேன் 1766இல் மறைந்தார். 1807இல் சாலிஸ்பரி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் அந்தச் செடியை ஹெல்லிபோரஸிலிருந்து பிரித்து, காப்டிஸ் என்ற தனிப் பேரினமாக்கினார். இன்றும் அது அப்படித்தான் இருக்கிறது.