கோயில் கொன்றையும் அடியேன் செய்த பிழையும்

நமது ஆலயத்தின் தென்புறத்தில் நிற்கும் சரக்கொன்றையைப் பார்க்காத மெய்யன்பர் இருக்க முடியாது. பூத்துவிட்டால் இலை தெரியாது. சரம் சரமாகப் பொன் தொங்கும். சிவபெருமான் சூடும் மலர் என்பதால் அர்ச்சனைக்குப் பலர் கேட்டு வாங்கிச் செல்கிறார்கள்.

மலையாள அன்பர்களுக்கு இது கணிக்கொன்னை. ஏப்ரல் மாதத்தில் விஷு விடியலில் கண் விழித்ததும் அரிசி, தேங்காய், வெள்ளரி, பொன், கண்ணாடி ஆகியவற்றோடு இந்தப் பூவையும் காண்பது அவர்கள் மரபு. நம் சித்திரைப் புத்தாண்டும் அதையொட்டியே வருகிறது. ஆனால் சங்கப் புலவர்களுக்குக் கொன்றை முல்லை நிலத்து மரம். அது பூத்தால் கார்காலம் வந்துவிட்டது என்று பொருள். குறுந்தொகை 66-ஆம் பாட்டில், கார் வந்தும் தலைவன் வரவில்லையே என்று வருந்துபவளிடம், பருவமில்லாத மழையைக் கண்டு இந்த மரம் ஏமாந்துவிட்டது என்று தோழி சமாதானம் சொல்கிறாள். நம் ஊர்க் கொன்றைக்கோ நிலையான பருவமே கிடையாது. சில வாரம் நல்ல வெயில் காய்ந்தால் இலை உதிர்த்துப் பூத்துவிடும். தோழி இங்கே வந்திருந்தால் திணறிப் போயிருப்பாள்!

இனி அடியேன் செய்த பிழைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில் இம்மரத்தின் மருத்துவப் பெருமையைப் பேசினேன். கொன்றைக்காய் முழம் நீளத்துக்கு மேலும் வளரும், முற்றினால் கறுத்துவிடும். உள்ளே காசுகளை அடுக்கியதுபோல் தடுப்புகள், தடுப்புக்கு ஒரு விதை, சுற்றிலும் கறுப்பான பிசுபிசுப்புச் சதை. இந்தச் சதை மலச்சிக்கலுக்குச் சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாக வழங்கும் மருந்து. தோட்டத்துப் பாட்டிமாரும் அறிந்ததுதான். இவ்வளவையும் சொன்ன நான், அளவைச் சொல்லவில்லை. அளவு எனக்குத் தெரியவும் தெரியாது. நாற்பது ஆண்டுகள் வகுப்பில் நின்றவன் செய்யக் கூடாத தவறு.

மறுவாரம் ஓர் அம்மையார் உதிர்ந்து கிடந்த காய்களைப் பொறுக்கிச் சென்று, விதையும் ஓடுமாகக் காய்ச்சிக் குடித்துவிட்டார். இரவெல்லாம் வயிற்றுப்போக்கு, உடம்பில் நீர் வற்றி இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். பார்க்கப் போனபோது, "வாத்தியார் சொன்னாரேன்னு குடிச்சேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். சதைதான் மருந்து, விதை நஞ்சு. சதையையும் வைத்தியர் கேட்டுக்கொண்டபடியே உண்ண வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வீட்டில் நாமாகக் கொடுக்கவே கூடாது. இன்னொன்று: மஞ்சள் அரளியைக் கொன்றை என்று நினைத்துவிடாதீர்கள். அதன் பூ மணி போன்றது, இலை ஒல்லியாக நீண்டிருக்கும், கிள்ளினால் பால் வடியும். அதன் கொட்டை உயிரையே வாங்கிவிடும்.

மரத்தையே வெட்டிக் கார் நிறுத்த இடம் செய்யலாம் என்ற யோசனையும் குழுவில் எழுந்தது. பிழை என்னுடையது, மரத்தினுடையதன்று என்று வாதாடினேன். மரம் நின்றது. இப்போது விழும் காய்களை வாரத்துக்கு இருமுறை நானே கூட்டி அள்ளுகிறேன். விஷுவுக்குப் பூ வேண்டுவோர் முதல்நாள் மாலையே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். கிளையை ஒடிக்காமல் தொண்டர்கள் பறித்துத் தருவார்கள்.