பணிநிலையக் கணினிக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும்?

அச்சு வடிவமைப்பு, காணொலித் தொகுப்பு, பொறியியல் வரைபடம் போன்ற கனமான வேலைகளுக்கென அமைக்கப்படும் கணினி பணிநிலையம் எனப்படும். இயங்கும் மென்பொருளும் திறந்திருக்கும் கோப்புகளும் அதன் ரேமில், அதாவது முதன்மை நினைவகத்தில் தங்குகின்றன. எவ்வளவு ரேம் வேண்டும் என்பதை, ஒரே நேரத்தில் திறந்திருக்கும் வேலைகளைக் கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

குறைந்தால் என்ன ஆகும்?

ரேம் நிரம்பியதும் இயங்குதளம் அதில் உள்ள ஒரு பகுதியை வன்தட்டுக்கோ எஸ்.எஸ்.டி.க்கோ மாற்றுகிறது. இவை ரேமைவிடப் பல மடங்கு மெதுவானவை. ஆகவே கணினி திணறுகிறது. தேவைக்கு மிஞ்சிய ரேமோ பெரும்பாலும் சும்மா கிடக்கும். போட்ட பணத்துக்கு ஏற்ற வேகம் கிடைக்காது.

சிவகாசி நாட்காட்டி: ஒரு கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களுக்கு அருகிலுள்ள சிவகாசி, நாட்காட்டி அச்சுக்குப் பெயர்பெற்றது. 20 × 30 அங்குல நாட்காட்டிப் படம் ஒன்றை வடிவமைப்பதாகக் கொள்வோம். நல்ல ஆப்செட் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் என்பது வழக்கம்.

- படப்புள்ளிகள்: 6,000 × 9,000 = 5.4 கோடி
- நான்கு வண்ண அச்சில் புள்ளி ஒன்றுக்கு 4 பைட்டு. ஓர் அடுக்குக்கு 216 எம்பி
- படம், பின்னணி, அலங்காரம் என 20 முழு அடுக்குகளுக்குச் சுமார் 4.3 ஜிபி
- செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறும் வசதிக்கு இன்னொரு 4.3 ஜிபி எனக் கொள்ளலாம்
- இயங்குதளம், உலாவி முதலியவற்றுக்குச் சுமார் 5 ஜிபி

மொத்தம் 14 ஜிபியை நெருங்குகிறது. இந்த வேலைக்கு 8 ஜிபி போதாது. 16 ஜிபி வேண்டும். இத்தகைய இரண்டு கோப்புகளைச் சேர்த்துத் திறப்பவருக்கு 32 ஜிபி தேவைப்படும். சேமித்த கோப்பு சுருக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அதன் அளவை வைத்துக் கணக்கிடக் கூடாது.

மாறாக, பக்கத்துக்கு 1,500 குறிகள் கொண்ட 300 பக்கத் தமிழ் நூலை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு வீதம், நூல் முழுவதும் சுமார் 1.35 எம்பிதான். தட்டச்சு வேலை மட்டும் செய்பவருக்கு 8 ஜிபி தாராளம்.

அளந்து பார்க்கும் முறை

வழக்கமான வேலைகள் அனைத்தையும் திறந்து வையுங்கள். விண்டோசில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வேலை மும்முரமான நேரத்தில் நினைவகப் பயன்பாடு 85 விழுக்காட்டைத் தாண்டி நின்று, வட்டும் ஓயாமல் இயங்கினால் ரேமைக் கூட்டலாம். பாதிக்கும் கீழே நின்றால் கணினியின் வேகக் குறைவுக்குக் காரணம் வேறு. பழைய வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவது பயன் தரலாம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

- விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் குறிப்பிடும் 4 ஜிபி, அதை நிறுவுவதற்கான குறைந்தபட்ச அளவு. வேலைக்கான அளவு அன்று.
- சாதாரண 32 பிட்டு விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது.
- டிடிஆர்4 செருகிடத்தில் டிடிஆர்5 பொருந்தாது.
- மதர்போர்டு ஏற்கும் உச்ச அளவையும் காலியாக உள்ள செருகிடங்களையும் பார்க்க வேண்டும்.
- சில மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பின்னர் கூட்ட இயலாது. வாங்கும்போதே போதிய அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.