பொத்தானுக்கு எட்டாத ஸ்பிரிங்

ஒரு கதவிலிருந்து தொடங்குவோம். ஏ.டி.எம். அறைக்குள் போகத் தள்ளிவிட்ட கதவு, நாம் கையை எடுத்ததும் தானாகத் திரும்பி வருகிறது. படாரென்று அடிப்பதில்லை, யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு விடுவதுபோல் மெல்ல வந்து சாத்திக்கொள்கிறது. நிமிர்ந்து பார்த்தால் கதவின் மேல்பக்கம் நீளமான பெட்டி ஒன்றும், அதிலிருந்து முழங்கைபோல் மடங்கும் இரும்புக் கையும் தெரியும். கடையில் டோர் குளோசர் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

அந்தப் பெட்டிக்குள் ஸ்பிரிங்கும் எண்ணெயும் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. கதவை இழுத்துச் சாத்துவது ஸ்பிரிங். அதை ஓடவிடாமல் பிடித்து வைப்பது எண்ணெய். கதவு நகர வேண்டுமானால் எண்ணெய் ஒரு பொடித் துளை வழியாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயாக வேண்டும். பெட்டியின் ஓரத்தில் ஒரு திருகாணி இருக்கும். அதை முடுக்கினால் துளை குறுகிக் கதவு மெதுவாகும், தளர்த்தினால் வேகமாகும். இவ்வளவு புரிந்துவிட்டால், ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பர் நமக்குப் பாதி புரிந்த மாதிரிதான்.

பைக்கின் சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்ப்போம். பின்சக்கரத்தைத் தாங்கும் கைக்கும் சட்டகத்துக்கும் நடுவே ஒற்றை ஷாக் நிற்கிறது. விளம்பரங்களில் மோனோ ஷாக் என்பார்களே, அதுதான். வெளியே சுருண்டிருப்பது ஸ்பிரிங். நடுவில் இருப்பது எண்ணெய் நிரம்பிய குழாய். ‘ஷாக்கை வாங்கிக்கொள்வது’ என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். மேட்டில் ஏறும்போது அடியை வாங்குவது ஸ்பிரிங்தான். வாங்கிய பிறகு அது சும்மா இருக்காது, குதித்துக்கொண்டே போகும். அந்தக் குதியாட்டத்தை அடக்குவதுதான் எண்ணெயின் வேலை. இதை டாம்பிங் என்கிறார்கள். நாம் தணிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

தணிப்பு எப்படி நடக்கிறது? ஊசியில்லாத சிரிஞ்சில் இருமல் மருந்தை நிரப்பி அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் எளிதாக வரும். வேகமாக அழுத்தினால் கையோடு மல்லுக்கட்டும். ஷாக்குக்குள்ளும் அப்படித்தான். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியாகவும், மெல்லிய எஃகு வளையங்களை வளைத்துத் தள்ளிக்கொண்டும் போகிறது. இந்த மல்லுக்கட்டில் குதிக்கிற சக்தி சூடாக மாறுகிறது. அதனால்தான் வேகமாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய பைக்கின் ஷாக் சுடும். சூடேறிய நல்லெண்ணெய் தோசைக்கல்லில் தண்ணீராய் ஓடுவதுபோல் ஷாக் எண்ணெயும் சூட்டில் இளகும், பிடி குறையும். இன்னொரு தொல்லை நுரை. கோலி சோடாவில் குண்டு இறுக்கி நிற்கும்வரை குமிழி வராது, அழுத்தம் குறைந்ததும் பொங்கும். எண்ணெய் அப்படிப் பொங்காதிருக்க, ஷாக்கில் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்து வைக்கிறார்கள்.

டோர் குளோசரில் இருக்கும் திருகாணி நல்ல ஷாக்கிலும் உண்டு. ஸ்பிரிங் அமுங்கும்போது எவ்வளவு தடுக்க வேண்டும் என்பதற்கு ஒன்று, அமுங்கியது திரும்ப நீளும்போது எவ்வளவு தடுக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. திருப்பினால் ‘டக், டக்’ என்று சொல்லும். கிளிக் கணக்கில் வைப்பார்கள். சிக்கல் என்னவென்றால், வீட்டு வாசலில் உட்கார்ந்து வைத்த கிளிக்தான் நாள் முழுக்க. வழவழப்பான நெடுஞ்சாலைக்கு அதே அளவு, தெருமுனை வேகத்தடைக்கும் அதே அளவு. ஓடுகிற வண்டியில் குனிந்து திருகாணியைத் திருப்ப நமக்கு மூன்றாவது கை இல்லை.

அந்த மூன்றாவது கைதான் எலக்ட்ரானிக் ஷாக். சிலவற்றில் சிறு மோட்டார் ஒன்று துளையின் ஊசியைத் திருப்புகிறது. சிலவற்றில் மின்காந்தம் வால்வை இழுத்து விடுகிறது. 2004-இல் வந்த பிஎம்டபிள்யூ கே1200எஸ் பைக்கில் பொத்தானை அழுத்தினால் மோட்டார்கள் அளவை மாற்றின. மாற்றிவிட்டு அடுத்த பொத்தான்வரை அப்படியே இருக்கும். 2012-இல் அதே நிறுவனம் காட்டிய எச்பி4 ஒரு படி மேலே போனது. ஓடும்போதே கணினி வால்வைத் திறந்து மூடியது. 2015-இல் யமஹா ஆர்1எம், ஸ்வீடன் நாட்டு ஓலின்ஸ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் சஸ்பென்ஷனோடு வந்தது. வேகம், பிரேக் அழுத்தம், ஆக்சிலரேட்டர், வண்டி சாய்ந்திருக்கும் கோணம் எல்லாம் கணினிக்குப் போகின்றன. சில அமைப்புகளில் பின்சக்கரம் எவ்வளவு ஏறி இறங்கியது என்று அளக்கும் சென்சாரும் உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் 28 சென்டிமீட்டர்தான் நகரும். ஒரு முழம்கூட இல்லை. அந்த மாதிரி நேரக் கணக்கில்தான் கணினி முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது.

இதற்குப் பின்னால் ஓர் அழகான கற்பனை இருக்கிறது. வண்டியின் உடலை வானத்தில் ஒரு கொக்கியில் மாட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே சக்கரம் மேடு பள்ளத்தில் எப்படி ஆடினாலும் உடல் அசையாது. வானத்தில் கொக்கி கிடையாது. ஆனால் வால்வைச் சரியான கணத்தில் திறந்து மூடினால் ஏறக்குறைய அந்தப் பலன் கிடைக்கும் என்று 1974-இல் டீன் கார்னாப், மைக்கேல் கிராஸ்பி முதலியோர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஸ்கைஹூக் என்ற அந்தப் பெயரையே டுகாட்டி பிற்பாடு தன் மல்ட்டிஸ்ட்ராடா பைக்கின் சஸ்பென்ஷனுக்கு வைத்துக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிப்போம். வால்வு எண்ணெயைத் தடுக்க முடியும், விட முடியும். சக்கரத்தைத் தானாகத் தள்ளவோ தூக்கவோ அதற்குச் சக்தியில்லை. அதனால் இதைப் பாதி இயங்குவது என்ற பொருளில் செமி ஆக்டிவ் என்கிறார்கள். தானே தள்ளித் தூக்கும் சஸ்பென்ஷன் 1992-இல் நைஜல் மான்செல் ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி காரில் இருந்தது. 1994-இல் அதற்குத் தடை விழுந்தது. நம் பைக் ஷாக் அந்த ஜாதி இல்லை. கதவுத் திருகாணியை மின்னல் வேகத்தில் திருப்பும் கை, அவ்வளவுதான்.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வந்துவிட்டோம். எங்கள் மாடி வீட்டுத் தம்பி பழைய ஆயிரம் சிசி பைக் ஒன்று வாங்கியிருக்கிறான். “கம்ஃபர்ட் மோடுல வச்சாகூட முதுகுல அடிக்குதுண்ணே. இதைவிட ஒசத்தியா ஒரு எலக்ட்ரானிக் ஷாக் வாங்கிப் போட்டா, என் வெயிட்டுக்கு அதுவே ஸ்பிரிங்கை சாஃப்ட் பண்ணிக்கும்ல?” என்று கேட்டான். பண்ணாது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் அந்தப் பொத்தான் தொடுவது எண்ணெயை மட்டும். ஸ்பிரிங் வளைத்துச் செய்த எஃகுக் கம்பி; எந்த மோடு வைத்தாலும் அது நேற்றைய ஸ்பிரிங்தான். சஸ்பென்ஷன் ‘ஹார்டா இருக்கு’ என்று நாம் சொல்லும்போது, ஸ்பிரிங் கெட்டியா எண்ணெய் கெட்டியா என்று பிரித்துச் சொல்வதில்லை. குழப்பம் அந்த ஒற்றைச் சொல்லில்தான் இருக்கிறது.

தம்பி விடவில்லை. “அப்ப ப்ரீலோடு நட்டைத் திருப்பினா?” என்றான். அதையும் பார்த்துவிடுவோம். 1 மில்லிமீட்டர் அமுங்க ஏறக்குறைய 10 கிலோ கேட்கும் ஸ்பிரிங் ஒன்றைத் தரையில் நிறுத்துவோம். 25 கிலோ அரிசி மூட்டையை வைத்தால் இரண்டரை மில்லிமீட்டர் அமுங்கும். இப்போது மூட்டையை எடுத்துவிட்டு, ஸ்பிரிங்கை 5 மில்லிமீட்டர் அமுக்கிக் கவ்வி வைக்கிறோம். இதுதான் ப்ரீலோடு. முதல் இரண்டு மூட்டைக்கு அது அசையாது. 50 கிலோவை முன்பணமாகக் கொடுத்துவிட்டோமே. மூன்றாவது மூட்டையை வையுங்கள். அதே இரண்டரை மில்லிமீட்டர். ஸ்பிரிங்கின் குணம் மாறவில்லை. பைக்கின் உயரம்தான் மாறுகிறது. டூரிங் பைக்குகள் சிலவற்றில் இந்த நட்டைத் திருப்பவும் மோட்டார் உண்டு, ஆனால் அது திருப்பினாலும் கதை இதேதான்.

ஸ்பிரிங் நமக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஓர் அளவு நாடாவும் இரண்டு நண்பர்களும் போதும். கயிற்றுக் கட்டிலில் படுத்தால் நடுவில் தொய்கிறதல்லவா, அந்தத் தொய்வைத்தான் அளக்கப் போகிறோம். பின்சக்கர அச்சிலிருந்து நேர் மேலே, வால்பகுதியில் ஒரு டேப் ஒட்டி, மூன்று முறை அளக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கிப் பிடித்திருக்கும்போது ஒன்று. வண்டி தன் எடையில் தானே நிற்கும்போது ஒன்று. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டு ஓட்டுகிற நிலையில் நாம் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று. நாம் உட்கார்ந்தபின் மொத்தத் தொய்வு 30 மில்லிமீட்டர் அளவிலும், வண்டியின் சொந்தத் தொய்வு 5 முதல் 10 மில்லிமீட்டருக்குள்ளும் இருப்பது ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு நல்ல தொடக்கம்.

இந்த இரண்டு எண்களும் சேர்ந்துதான் பேசும். ப்ரீலோடைக் கூட்டிக் குறைத்து 30-ஐக் கொண்டுவந்து விடலாம். ஆனால் அப்படிக் கொண்டுவந்தபின் வண்டி தன் எடைக்குக் கொஞ்சமும் தொய்யவில்லை என்றால், ஸ்பிரிங் நமக்கு மெலிது. நட்டை முறுக்கி முறுக்கித்தான் தூக்கி நிறுத்தியிருக்கிறோம். தனியாகவே 10-ஐத் தாண்டித் தொய்ந்தால், ஸ்பிரிங் நமக்குக் கெட்டி. நாம் ஏறியும் அது அதிகம் அசையவில்லை. தம்பி 58 கிலோ, சாமான்களோடு 64. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிறுத்தி அளந்தோம். 612, 598, 581. மொத்தத் தொய்வு 31, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டி மட்டுமே 14 தொய்கிறது. அவன் ஏறி உட்கார்ந்ததற்கு ஸ்பிரிங் கொடுத்தது வெறும் 17. வண்டியைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்த ஆள் தம்பியைவிடக் கனமானவர்.

அப்படியானால் ஷாக்கை மாற்றுவது வீணா? அப்படியும் இல்லை. நல்ல எலக்ட்ரானிக் ஷாக்கில் வால்வு கொடுக்கும் வரம்பு பெரிது. சூடானாலும் பிடி அவ்வளவு சீக்கிரம் தளராது. எடைக்கேற்ற ஸ்பிரிங்கை எண் சொல்லிக் கேட்டு வாங்கலாம். வண்டியில் தொழிற்சாலையிலேயே எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் இருந்தால், அந்த மாடலுக்கென்றே செய்த ஷாக் பழைய சாக்கெட்டிலேயே பொருந்தி, பழைய கணினியின் பேச்சையே கேட்கும். அந்த இடத்தில் சாதா ஷாக்கை மாட்டினால் கணினி வால்வைத் தேடும். காணாமல் எச்சரிக்கை விளக்கை எரிய விடும். தொழிற்சாலையிலேயே இல்லாத வண்டிக்கு வைக்க வேண்டுமென்றால் சென்சார், வயரிங், தனிக் கணினி எல்லாம் சேரும். அது வேறு செலவு, வேறு தலைவலி. இன்னொன்றும் உண்டு. நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதி ஷாக்கில் இருந்தால், முதலில் பழைய ஷாக்கின் நீளத்துக்கே வையுங்கள். பின்பக்கம் சில மில்லிமீட்டர் உயர்ந்தாலே மூக்கு தாழ்ந்து, வண்டி வளைவில் இன்னும் சுருக்காகத் திரும்பும். புது ஷாக்கின் குணமா, மாறிய உயரத்தின் குணமா என்று நமக்கே தெரியாமல் போய்விடும்.

மோட்டோஜிபி பந்தயத்தில் எலக்ட்ரானிக் சஸ்பென்ஷனுக்கு அனுமதி இல்லை என்றதும் தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. அங்கே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்பிரிங்கை மாற்றிப் போட, கிளிக்கை எண்ணிவைக்க ஆள் நிற்கிறார்கள். நமக்கு அந்த ஆள் கிடையாது. ஆகவே கிளிக் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கிறோம். ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும் பாதி வேலை இன்னும் நம் கையில்தான் கிடக்கிறது.

தம்பி ஷாக் வாங்குவதைத் தள்ளிவைத்தான். 95 எண் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு 80 போட்டான். மறுபடி நாடாவைப் பிடித்தோம்: 612, 602, 582. வண்டிக்குப் பத்து, அவனுக்கு இருபது. தெருமுனை வேகத்தடைவரை போய்த் திரும்பி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான்: “அண்ணே, இப்பதான் கம்ஃபர்ட் மோடுக்கும் ஸ்போர்ட் மோடுக்கும் வித்தியாசம் தெரியுது. இவ்வளவு நாள் ஏன் தெரியல?” டீ வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்துவிட்டு, எதிர்வீட்டு ஏ.டி.எம். கதவைக் காட்டினேன்.