15 வயசு டீசல் காருக்கு ஆயுசு முடிஞ்சுதா? அவசரப்பட்டு வித்துடாதீங்க!

நாகமலை புதுக்கோட்டை டீக்கடைகளில் பழைய டீசல் கார் ஒன்று வந்து நின்றால் போதும், ஆளுக்கு ஆள் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

"15 வருஷம் ஆயிருச்சுல்லண்ணே? இனிமே ரோட்டுல பார்த்தா தூக்கிட்டுப் போய் நசுக்கிருவாய்ங்க. வந்த விலைக்குத் தள்ளிவிட்ருங்க!"

கேட்டவருக்கு வயிற்றைக் கலக்கும். மறுநாளே புரோக்கர் கேட்ட விலைக்குச் சாவியைக் கொடுத்துவிடுவார். பயந்தவன் வீட்டுக் கார் பாதி விலைக்குத்தானே போகும்!

டெல்லி சமாச்சாரம்

உண்மை என்ன? 10 வருஷத்துக்கு மேலான டீசல் காருக்குத் தடை என்பது டெல்லி வட்டாரத்துச் சமாச்சாரம். பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட உத்தரவு அது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1-ந் தேதி முதல் பழைய வண்டிக்குப் பங்க்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது என்றுகூட அங்கே கெடுபிடி செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே சில நாளிலேயே தள்ளிவைத்துவிட்டார்கள்.

மதுரையில் அப்படித் தடை எதுவும் இல்லை. சொந்த உபயோகக் காருக்கு 15 வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம் ஓட்டலாம். அது முடிந்தால் மறுபடி 5. வண்டி தகுதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் காசு கூடிவிட்டது. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5 ஆயிரம். 20 வருஷம் தாண்டிய காருக்கு 10 ஆயிரம் என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் தனி.

அந்தக் காலக் கணக்கு

1998 கடைசியில் டாடா இண்டிகா வந்தபோது ஜனங்கள் டீசலுக்கு ஓடியதற்குக் காரணம் உண்டு. அப்போது டீசல் விலை பெட்ரோலில் பாதிகூட இல்லை! 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு கைவிட்டது. அந்த இடைவெளி இப்போது வெகுவாகச் சுருங்கிவிட்டது. இண்டிகா உற்பத்தியும் 2018-ல் நின்றுபோனது.

ஆகவே நாகமலையிலிருந்து பெரியார் பஸ் நிலையத்துக்கு வாரம் ஒருமுறை போய்வரும் வீட்டுக்கு டீசல் கார் வீண் செலவு. உசிலம்பட்டி, தேனி என்று அடிக்கடி தேனி ரோட்டில் ஓடும் குடும்பத்துக்கு இன்னும் லாபம்தான். டீசல் எஞ்சினுக்குச் சும்மா நிற்பதுதான் ஆகாது. நின்ற வண்டியில் பேட்டரி இறங்கும், டேங்க்கில் தண்ணீர் சேரும்.

புகை சொல்லும் சேதி

காலையில் "டக் டக்" என்று இழுத்துக்கொண்டு கிளம்பவில்லையா? உடனே எஞ்சின் வேலை என்று பயப்பட வேண்டாம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு அந்தச் சூட்டைக் கொடுப்பது ஹீட்டர் பிளக். முதலில் அதையும் பேட்டரியையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கறுப்புப் புகை வந்தால் ஏர் பில்டர் அடைப்பு அல்லது இன்ஜெக்டர் கோளாறு. நீலப் புகைதான் வில்லங்கம். எஞ்சின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், செலவு பெரிசாக வரும். அந்த வண்டியைத்தான் விற்பது பற்றி யோசிக்க வேண்டும்.

இண்டிகாக்காரர்கள் டைமிங் பெல்ட்டை மறக்கவே கூடாது. ஓடும்போது அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகிறவர்கள் ரேடியேட்டர் ஓஸையும் அழுத்திப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

ஆர்.சி. தேதி முடிய 60 நாள் இருக்கும்போதே புதுப்பிக்க மனுப் போடலாம். தேதி தாண்டினால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். பழைய ஆர்.சி.யை பீரோவுக்குள் போட்டுப் பூட்டியவர்கள் இன்று ராத்திரியே எடுத்துத் தேதியைப் பார்த்துவிடலாம்.