செக் உருளைக்கிழங்கு ரொட்டி

செக் உருளைக்கிழங்கு ரொட்டி (செக் மொழியில்: பிரம்போரோவீ ஹ்லேப்) என்பது கோதுமை மாவு, ரை என்னும் தானியத்தின் மாவு, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு ஆகியவற்றைச் சேர்த்துப் புளிக்கவைத்துச் சுடப்படும் ரொட்டி (பாண்) வகையாகும். செக் குடியரசின் பகுதிகளான பொகீமியாவிலும் மொராவியாவிலும் இது வீடுகளில் செய்யப்பட்டு வந்துள்ளது. இதை ஒத்த ரொட்டிகள் அண்டை நாடான சிலோவாக்கியாவிலும் அங்கேரியிலும் உண்டு. தடித்த மேலோடு, ஈரமான மென்மையான உட்பகுதி, பல நாட்கள் காயாமல் இருக்கும் தன்மை ஆகியவை இதன் சிறப்பியல்புகள்.

பெயர்

உருளைக்கிழங்கைக் குறிக்கும் "பிரம்போர்" என்னும் செக் சொல், செருமனியின் பிராண்டன்பர்க் பகுதிக்குச் செக் மொழியில் வழங்கும் "பிரானிபோர்" என்ற பெயரிலிருந்து வந்தது. கிழங்கு எத்திசையிலிருந்து வந்தது என்பதை இப்பெயர் காட்டுகிறது. மொராவியாவில் மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த "ஸெமாக்" என்ற பெயரும் வழக்கில் உள்ளது.

வரலாறு

உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்கு வந்து நெடுங்காலம் ஆன பின்னரும் பொகீமிய உழவர்கள் அதை விரும்பிப் பயிரிடவில்லை. 1770 முதல் 1772 வரை தொடர்ந்த மழையாலும் விளைச்சல் பொய்த்ததாலும் ஏற்பட்ட பெரும் பஞ்சமே இந்நிலையை மாற்றியது. தானியம் அழுகிப்போன ஆண்டுகளில் மண்ணுக்கடியில் விளையும் பயிரின் பயன் விளங்கியது. 1778-1779இல் பிரசியாவும் ஆத்திரியாவும் பொகீமிய மண்ணில் மோதிய பவேரிய வாரிசுரிமைப் போரில், படைகள் சண்டையிட்டதைவிட உணவு தேடி அலைந்ததே மிகுதி என்பதால், அப்போர் "உருளைக்கிழங்குப் போர்" என்றே கேலியாக அழைக்கப்பட்டது.

விசோச்சினா போன்ற மேட்டு நிலப்பகுதிகளில் குளிரும் வளமற்ற மண்ணும் கோதுமைக்கு ஏற்றவை அல்ல. உருளைக்கிழங்கு அங்கு நன்கு விளைந்தது. இருக்கும் சிறிதளவு மாவைக் கிழங்குடன் கலந்து பெருக்குவது ஏழைக் குடும்பங்களின் தேவையாக இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் (1914-1918) ஆத்திரியா-அங்கேரியில் ரொட்டி மாவுடன் உருளைக்கிழங்கு மாவு முதலியன கலக்கப்பட்டன. பஞ்சத்தின் அடையாளமாக இருந்த ரொட்டி இன்று சுவைக்காக வாங்கப்படுகிறது. எனினும் கடைகளில் விற்பவற்றில் பல, கிழங்குக்குப் பதிலாக உலர்ந்த கிழங்குச் சீவல்களைக் கொண்டு செய்யப்படுபவை.

கிழங்கின் பணி

கிழங்கு வேகும்போது அதன் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி வீங்கிக் கூழாகின்றன. அந்த நீர் ரொட்டியினுள் தங்கிவிடுவதால் ரொட்டி மெதுவாகவே காய்கிறது. ஆனால் கிழங்கில் பசையப் புரதம் இல்லை. மாவை வலைபோல் பிணைத்து வளியைப் பிடித்து வைப்பது கோதுமையின் பசையமே என்பதால், கிழங்கு மிகுந்தால் ரொட்டி உப்பாது. மாவின் எடையில் பாதிக்கு மேல் கிழங்கு சேர்ப்பது நல்லதன்று.

வேறு இரண்டு இடர்களும் உள்ளன. வெந்து கூழான மாவுச்சத்தை, தானிய மாவில், குறிப்பாக ரையில் உள்ள அமைலேசு என்னும் நொதி எளிதில் சிதைத்துவிடும்; அப்போது ரொட்டியின் உட்பகுதி பசைபோல் ஒட்டும். மற்றொன்று, மண்ணில் வாழும் பாசில்லசு வகை நுண்ணுயிரிகளின் வித்துக்கள். ரொட்டியின் உட்பகுதி 100 பாகை செல்சியசைத் தாண்டாததால் அவ்வித்துக்கள் சூட்டில் பிழைத்துக்கொள்ளும். வெப்பமான காலத்தில் அவை பெருகினால் இரண்டொரு நாளில் ரொட்டியிலிருந்து அழுகிய பழ வாடை வரும். பிய்த்தால் நூல் நூலாக இழுபடும். அந்த ரொட்டியை உண்ணலாகாது.

இவ்விரண்டையும் தடுப்பது புளிப்பே. ரை மாவையும் நீரையும் கலந்து புளிக்கவைத்த "க்வாசெக்" என்னும் புளிமாவிலுள்ள அமிலம் நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. வித்துக்கள் முளைப்பதையும் தடுக்கிறது. மரத்தொட்டியில் மாவு பிசைந்த பெண்கள், அடுத்த முறைக்காகத் தொட்டியின் ஓரத்தில் ஒட்டிய மாவைச் சுரண்டாமல் விட்டுவைப்பது வழக்கம்.

செய்முறை

முதல் நாள் இரவு ஒரு மேசைக்கரண்டி பழைய புளிமாவுடன் 100 கிராம் ரை மாவும் 100 கிராம் நீரும் கலந்து 10 முதல் 12 மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அன்றே 250 கிராம் உருளைக்கிழங்கைத் தோலுடன் வேகவைத்து ஆறவிட வேண்டும். தோலை உரித்து வேகவைத்தால் கிழங்கு நீரைக் குடித்துவிடும். செக் குடியரசில் கிழங்குகள் அ, பி, சி எனச் சமையல் வகைப்படி பிரித்து விற்கப்படுகின்றன. இவற்றில் மாவாக உதிரும் சி வகையே இதற்கு ஏற்றது.

மறுநாள் தோலுரித்து நன்கு மசித்த கிழங்குடன் புளிமாவு, 400 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் ரை மாவு, 12 கிராம் உப்பு, இரண்டு தேக்கரண்டி கேரவே விதை ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். சீரகத்தை ஒத்த தோற்றமுடைய இவ்விதை இல்லாத ரொட்டியைப் பலர் செக் ரொட்டியாகவே கருதுவதில்லை.

புதிதாகச் செய்பவர் பெரும்பாலும் தவறுவது நீரின் அளவில்தான். கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு அளவு நீரே. எனவே 250 கிராம் கிழங்குடன் ஏறக்குறைய 195 கிராம் நீர் முன்பே சேர்ந்துவிட்டது. புளிமாவில் 100 கிராம் உள்ளது. 150 கிராம் நீர் மட்டும் ஊற்றினாலே 600 கிராம் மாவுக்கு 445 கிராம் நீர் ஆகிவிடும். சாதாரண ரொட்டிக்கு ஊற்றுவதுபோல் 300 கிராமுக்கு மேல் ஊற்றினால் மாவு கூழாகிவிடும். கலந்தவுடன் மாவு வறண்டதாகத் தோன்றலாம். பிசையப் பிசையக் கிழங்கின் ஈரம் வெளிவந்து அது இளகும். ஆகவே பத்து நிமிடம் பொறுத்த பின்பே கூடுதல் நீர் தேவையா என முடிவு செய்ய வேண்டும்.

பிசைந்த மாவை வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வைத்து, உருட்டி, ரை மாவு தூவிய "ஒஷாத்கா" என்னும் கூடையில் மேலும் ஒரு மணி நேரம் உப்பவிட வேண்டும். பின்னர் நன்கு சூடேற்றிய வார்ப்பிரும்புப் பாத்திரத்தில் கவிழ்த்து, மூடியுடன் 240 பாகையில் 20 நிமிடமும், மூடியின்றி 200 பாகையில் 35 நிமிடமும் சுட வேண்டும். உட்பகுதி 96 முதல் 98 பாகையை எட்டியிருந்தால் ரொட்டி வெந்துவிட்டது. வெப்பமானி இல்லாதோர் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்ப்பர். வெற்றுப் பெட்டியைத் தட்டுவதுபோல் ஒலிக்க வேண்டும். வெளியே எடுத்தவுடன் மேலே நீர் தடவினால் மேலோடு பளபளக்கும்.

சூடாக இருக்கும்போது வெட்டினால் கத்தியில் ஒட்டும். மாலையில் சுட்டதை மறுநாள் வெட்டுவதே முறை. வெட்டுமுன் ரொட்டியின் அடியில் கத்தி முனையால் சிலுவைக் குறியிடும் வழக்கம் முன்னர் பரவலாக இருந்தது.

புளிமாவு இல்லாதோர் ஈஸ்ட் சேர்த்தும் செய்கின்றனர். அது விரைவில் உப்பும். ஆயினும் போதிய புளிப்பு இராது என்பதால் கோடைக்காலத்தில் இரண்டு நாட்களுக்குள் உண்டு முடிப்பதோ, துண்டுகளாக்கி உறைநிலையில் வைப்பதோ நல்லது.