அன்னா பிராய்டு அம்மையார்

உடலிற் காயம் பட்ட குழந்தை அவ்விடத்தைச் சுட்டிக் காட்டி அழும். உள்ளத்திற் காயம் பட்ட குழந்தைக்கோ அதனைக் காட்டவும் தெரியாது, கூறவும் இயலாது. அத்தகைய துயரை அறிந்து ஆற்றுவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அன்னா பிராய்டு அம்மையார்.

இவர் ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரில் 1895 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3 ஆம் நாள் பிறந்தார். உளப்பகுப்பாய்வு என்னும் துறையைத் தோற்றுவித்த சிக்மண்ட் பிராய்டின் மக்கள் அறுவருள் இவரே கடைக்குட்டி. முதலிற் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தார். பின்னர்த் தந்தையாரின் துறையைக் குழந்தைகளுக்கு ஏற்ற வகையில் அமைத்த முன்னோடிகளுள் ஒருவரானார். பெரியோர் தம் மனக்குறை தீரத் தாமே மருத்துவரை நாடுவர். குழந்தையோ பிறரால் அழைத்து வரப்படுகிறது. ஆதலின், முதற்கண் அதன் நம்பிக்கையைப் பெறுதல் வேண்டும் என்பது இவர்தம் கொள்கை.

1938 இல் நாசிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றினர். யூதராகிய பிராய்டு குடும்பத்தார் இலண்டனிற் புகலடைந்தனர். அந்நகரும் விரைவில் போருக்கு இலக்காயிற்று. குண்டுவீச்சால் வீடிழந்தும் பெற்றோரைப் பிரிந்தும் வாடிய குழந்தைகளுக்காக, 1941 இல் அம்மையார் தம் தோழி டோரதி பர்லிங்காமுடன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியிற் காப்பகம் நிறுவினார்.

குண்டு முழக்கமே குழந்தைகளைப் பெரிதும் வருத்தும் என்று பலர் எண்ணினர். அம்மையார் கண்டதோ வேறு. தாயின் அணைப்பில் இருந்த குழந்தைகள் அம்முழக்கத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டன. தாயைத் திடீரெனப் பிரிந்த குழந்தைகளோ பாதுகாப்பான இடத்திலும் நலிவுற்றன. சில, கற்ற பேச்சையும் மறந்தன. இதனை உணர்ந்த அம்மையார், தாயர் எந்நேரமும் வந்து காண இசைவளித்தார். குழந்தைகளைச் சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செவிலியைத் தாய்போல் அமர்த்தினார். கண்டவற்றை நாள்தோறும் குறித்து வைக்கவும் செய்தார்.

அக்காப்பகத்திற் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தாயைப் பிரிந்து வருந்திய இரண்டு வயதுக் குழந்தையை 1952 இல் திரைப்படமாக்கிக் காட்டினார். முதலில் மருத்துவர் பலர் சினந்தனர். எனினும், பிணியுற்ற குழந்தையோடு தாய் உடனிருக்கும் வழக்கம் இங்கிலாந்தில் மெல்ல வேரூன்றியது.

அதே ஆண்டிற் குழந்தைகளுக்கான உளமருத்துவ நிலையம் ஒன்றை அமைத்த அம்மையார், 1982 இல் இலண்டனில் மறைந்தார். உணவும் உறையுளும் தந்துவிட்டால் குழந்தைக்கு எல்லாம் தந்துவிட்டதாகாது. அன்புடைய ஒருவர் அதன் அருகிருத்தல் வேண்டும். இவ்வுண்மையை நமக்கு விளக்கியது அவர் தொண்டு.